வெட்டவெளியில் வேட்டைநாய்: நாகமலைச் சமவெளியும் நாயைப் படமெடுக்கும் கலையும்

நாயைத் திறந்தவெளியில் படமெடுப்பதும் கூடத்துக்குள் வைத்துப் படமெடுப்பதும் ஒரே கலையின் இரு கிளைகள் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், இரண்டுக்கும் தேவைப்படும் அறிவு வெவ்வேறானது. கூடத்தில் விளக்கு வைத்த இடத்தில் நிற்கும், பின்திரை மாறாது, நாயும் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கும். வெளியிலோ ஒளி சூரியனைப் பொறுத்தது, பின்னணி அந்த ஊரின் மண்ணையும் மரத்தையும் பொறுத்தது, நாயின் நடத்தை அதன் மூக்கும் காதும் கண்ணும் அந்த நொடியில் அறிந்துகொள்வதைப் பொறுத்தது. ஆகவே வெளியில் எடுக்கப்படும் நல்ல படத்துக்குக் கேமராவைப் பற்றிய அறிவைவிட நாயின் உடலமைப்பைப் பற்றிய அறிவும் நிலத்தைப் பற்றிய அறிவும் முதன்மையானவை. கருவி அவற்றுக்குப் பின்னரே வருகிறது.

மதுரைக்கு மேற்கே தேனி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள நாகமலை புதுக்கோட்டை இக்கலையை விளக்குவதற்கு ஏற்ற ஊர். நீண்டு கிடக்கும் நாகமலைத் தொடர், கீழக்குயில்குடியில் தனித்து எழுந்து நிற்கும் சமணர் மலை, மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்கள், வரிசையாக நிற்கும் பனைகள், தரிசெங்கும் பரவிவிட்ட சீமைக்கருவேலம், இடையிடையே செம்மண் புழுதி என்று இங்குள்ள நிலக்காட்சி சில கிலோமீட்டருக்குள் பலமுறை மாறுகிறது. இவ்வூரின் இருப்பிடமும் குறிப்பிடத்தக்கது. மேற்கே செல்லும் சாலை கோம்பை நாய்க்குப் பெயர் தந்த ஊர் இருக்கும் தேனி மாவட்டத்துக்குப் போகிறது. தெற்கே திருமங்கலம் வழியாகச் சென்றால் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இருக்கும் விருதுநகர் மாவட்டம் வருகிறது. தென்தமிழ்நாட்டு நாயினங்களின் தாயகங்கள் இச்சமவெளியைச் சுற்றியே அமைந்திருப்பதால், இங்கு அந்நாய்களைப் படமெடுப்பது அவை உருவான நிலத்திலேயே அவற்றைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் வேட்டையாடும் நாய்கள். அதாவது மோப்பத்தைப் பின்தொடர்ந்து இரையைத் தேடாமல், தொலைவில் அசைவதைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை. நீண்டு ஒடுங்கிய முகம், ஆழமாக இறங்கிய மார்பு, உள்வாங்கிய வயிறு, மெலிந்து நீண்ட கால்கள், உடலோடு ஒட்டிய குட்டை முடி ஆகிய அனைத்தும் மரங்கள் நெருங்காத, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை திறந்து கிடக்கும் சமவெளியில் ஓடுவதற்காக அமைந்தவை. இந்நாய்களைச் சோபாவின் மீது உட்கார வைத்து எடுத்த படத்தில் அவை நோஞ்சானாகத் தோன்றுவதும், விலா எலும்பு தெரிவதைக் கண்டு பார்ப்பவர்கள் உரிமையாளரைக் குறைகூறுவதும் வழக்கமாக நடப்பவை. அதே நாய் அறுவடை முடிந்த வயலில் காதுகளைப் பின்னுக்கு மடித்து ஓடும்போது எடுத்த படத்தில், அந்த மெலிவு எதற்காக என்ற கேள்வி எழுவதே இல்லை. ராஜபாளையமும் கோம்பையும் இவற்றைவிடக் கட்டுறுதியான உடல் கொண்டவை. காவலுக்கும் பெருவிலங்கு வேட்டைக்கும் பயன்பட்டவை. அவற்றை ஓட விடுவதைவிட, எதையோ கவனித்தபடி நிற்கும் நிலையில் படமெடுப்பதே அவற்றின் இயல்பை நன்றாகக் காட்டும்.

வெளியொளியைப் பற்றிய மேலைநாட்டு வழிகாட்டி நூல்கள் சூரிய உதயத்துக்குப் பின்னும் மறைவுக்கு முன்னும் உள்ள ஒரு மணி நேரத்தைப் பொன்னொளி நேரம் என்று குறிப்பிடுகின்றன. அப்போது கதிர்கள் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் நிழல்கள் நீண்டு, ஒளி மென்மையாகவும் மஞ்சளாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு இந்த அகலாங்குக்குப் பொருந்துவதில்லை. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருப்பதால், இங்கு சூரியன் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாகவே மேலேறுகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் சூரியன் 10 பாகை உயரத்தை எட்ட லண்டனில் ஏறக்குறைய 65 நிமிடம் ஆகும் என்றால், மதுரையில் 40 நிமிடமே ஆகும். ஆகவே நூலை நம்பி ஒரு மணி நேரம் இருக்கிறது என்று எண்ணிப் புறப்படுபவர் இங்கு மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார். விடியுமுன்பே இடத்தில் இருப்பதும், நாய் அந்த இடத்தின் வாசனைகளை மோந்து முடித்து அமைதியாவதற்கு முன்கூட்டியே நேரம் கொடுப்பதும் இங்கு இன்றியமையாதவை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியிலேயே நிற்கிறது. அந்த வேளையில் நாயின் புருவ எலும்பின் நிழல் கண்குழியில் விழுந்து கண்ணை இருட்டாக்குகிறது. முதுகு வெளுத்து வயிறு கறுக்கிறது. அத்தகைய நேரத்தில் ஆலமரத்தின் அல்லது பெரிய பாறையின் நிழல் விளிம்பில், திறந்த வானத்தை நோக்கி நாயை நிறுத்தினால், வானமே பரந்த விளக்காகி அதன் கண்ணில் சிறு வெண்புள்ளியாகப் பிரதிபலிக்கும். அப்புள்ளி இல்லாத கண், எவ்வளவு கூர்மையாகப் பதிவானாலும், படத்தில் உயிரற்றே தோன்றும்.

ஒளியின் அளவைக் கணிப்பதில் நம் நாட்டு நாய்கள் கேமராவுக்கு ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகின்றன. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற அனுமானத்தில் வேலை செய்கிறது. தூய வெண்ணிற ராஜபாளையம் படச்சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கும்போது, மானி அதை மிகையான ஒளி என்று தவறாகக் கணித்து, படத்தை இருட்டாக்கி, வெள்ளை நாயைச் சாம்பல் நாயாக்கிவிடுகிறது. அப்போது ஒளியளவை ஏறத்தாழ ஒரு படி, அதாவது இருமடங்கு, கூட்ட வேண்டும். ஆனால் அதே நாய் கருவேலப் புதரின் இருண்ட பின்னணிக்கு முன்னால் சிறியதாக நிற்கும்போது நிலைமை தலைகீழாகிறது: புதரின் இருட்டை ஈடுகட்ட மானி ஒளியைக் கூட்டுகிறது, நாயின் முதுகு வெறும் வெண்தாள்போல் வெளுத்து, முடியின் அமைப்பு அடியோடு அழிந்துபோகிறது; இங்கு ஒளியைக் குறைப்பதே முறை. வெள்ளை நாய்க்கு ஒளியைக் கூட்டு என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இரண்டாவது நிலையில் தவறிவிடுவார். கறுப்புடலில் பழுப்புத் திட்டுகள் கொண்ட கன்னிக்கு, நேர்முன் ஒளியைவிடப் பக்கவாட்டு ஒளி நல்லது. குட்டை முடியின் பளபளப்பும் அதற்கடியில் ஓடும் தசையின் வடிவும் அப்போதுதான் தெரியும். செவலை, மயிலை நிற நாய்கள் மானிக்குத் தொல்லை தருவதில்லை. ஆனால் செவலை நாய் செம்மண் தரையில் நின்றால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்குப் பச்சை வயலோ வெளிர்நிறப் பாறையோ பின்னணியாக அமைவது நன்று. செம்மண்ணில் நிற்கும் வெள்ளை நாயின் வயிற்றுப்புறத்தில் தரையின் சிவப்பு ஏறியிருப்பதைப் பலர் கணினியில் அழித்து வெளுக்க வைக்கிறார்கள். அது பிழையன்று, அந்த நாய் அந்த மண்ணில் நின்றது என்பதற்கான சான்று என்பதால் அதை விட்டுவைப்பதே சரி.

அடுத்து உயரமும் தூரமும். நின்ற நிலையில் இருக்கும் மனிதரின் கண்ணிலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் படத்தில் நாயின் தலை பெருத்து, கால்கள் குறுகி, மார்பின் ஆழம் மறைந்துவிடுகிறது. பின்னணியாகத் தரை மட்டுமே வருகிறது. தோளுயரம் 60 முதல் 75 செ.மீ. வரை இருக்கும் இந்நாய்களுக்குக் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, தேவையானால் தரையிலே படுத்து எடுக்கும்போதுதான் மலையும் பனையும் நாயின் பின்னால் எழுந்து வருகின்றன. தூரம் உருவத்தின் விகிதத்தையே மாற்றக்கூடியது. நாயின் மூக்கிலிருந்து 40 செ.மீ. தொலைவில் கேமராவைப் பிடித்தால், அதற்கு 12 செ.மீ. பின்னால் இருக்கும் கண்ணைவிட மூக்கு 1.3 மடங்கு பெரிதாகப் பதிவாகும். 4 மீட்டர் விலகினால் அந்த வேறுபாடு 3 விழுக்காடாகச் சுருங்கிவிடும். நீள்முக நாயை அருகிலிருந்து எடுத்த படங்கள் கேலிச்சித்திரம்போல் அமைவது இதனால்தான். ஆகவே 85 முதல் 200 மி.மீ. வரையிலான குவியத்தூரம் கொண்ட லென்ஸ்களே இவற்றுக்கு ஏற்றவை. கைபேசியில் எடுப்பவர் அருகே செல்லாமல், இரண்டு அல்லது மூன்று மடங்கு நெருக்கம் காட்டும் லென்ஸைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நீள்முகத்தால் வரும் இன்னொரு சிக்கல் தெளிவாழம், அதாவது படத்தில் முன்னும் பின்னுமாகத் தெளிவாகத் தெரியும் பகுதியின் கனம். முழுச்சட்ட உணரி கொண்ட கேமராவில், 200 மி.மீ. லென்ஸை எஃப் 2.8 என்ற அகன்ற துளையில் வைத்து 5 மீட்டர் தொலைவிலுள்ள நாயின் கண்ணில் குவித்தால், தெளிவாழம் ஏறக்குறைய 10 செ.மீ. மட்டுமே; கண்ணுக்கு முன்னால் பாதியும் பின்னால் பாதியுமாக அது பிரிவதால், நேராக நோக்கி நிற்கும் சிப்பிப்பாறையின் மூக்கு நுனி மங்கிவிடும். எஃப் 5.6க்குத் துளையைச் சுருக்கினால் ஆழம் இருமடங்காகி மூக்கும் ஏறக்குறையத் தெளிவுக்குள் வந்துவிடும். பின்னணி முழுவதும் குழைந்து மறைய வேண்டும் என்ற ஆசையில் துளையை எப்போதும் அகலத் திறந்து வைப்பது இன்று பரவலாகிவிட்ட பழக்கம். ஆனால் நாகமலையின் வடிவே தெரியாதபடி மங்கவிட்ட பின், அந்தப் படத்தை அங்கு வந்து எடுத்ததில் பொருளில்லை.

இக்கலையின் உச்சம் ஓட்டத்தைப் படமெடுப்பதே. குதிரையின் நாலுகால் பாய்ச்சலில் எல்லாக் கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, கால்கள் உடலுக்கடியில் கூடியிருக்கும்போது மட்டுமே வருகிறது. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி எடுத்த படங்கள் அதை உறுதிசெய்தன. கால்களை முன்னும் பின்னுமாக நீட்டியபடி குதிரை காற்றில் பறப்பதாக அதுவரை ஓவியர்கள் வரைந்துவந்த காட்சி உண்மையில் நிகழ்வதில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. 1887இல் அவர் வெளியிட்ட 781 தகடுகள் கொண்ட விலங்கு இயக்கத் தொகுப்பில் நாய்களும் இடம்பெற்றன. வேட்டைநாயின் பாய்ச்சலில் குதிரைக்கு இல்லாத ஒன்று உண்டு: வளைந்து நிமிரும் முதுகெலும்பின் உதவியால் அது ஒரு சுற்றுக்கு இருமுறை தரையை விட்டு எழுகிறது; ஒருமுறை நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் குறுக்குமறுக்காகக் கூடியபடி, மறுமுறை முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் முழுமையாக நீண்டபடி. குதிரைக்குப் பொய்யாகப்போன ஓவியரின் பாய்ச்சல், சிப்பிப்பாறை போன்ற நாய்க்கு மெய்யாகவே அமைந்திருக்கிறது.

அந்த நீண்ட நிலையைப் பிடிக்கச் சில கணக்குகள் தேவை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும் நாய் நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை, நொடியில் 250இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் நாய் 4 செ.மீ.க்கு மேல் நகர்ந்து உருவம் கலங்கிவிடும். 2000இல் ஒரு பங்காக்கினால் நகர்வு அரை செ.மீ. அளவில் அடங்கும். முன்னோக்கி வீசப்படும் கால்கள் உடலைவிட வேகமாக நகர்வதால், அவற்றின் நுனியில் சிறு கலக்கம் எஞ்சுவது இயல்பே. வேகமாக ஓடும் நாய் நொடிக்கு மூன்று முதல் நான்கு பாய்ச்சல்கள் எடுப்பதால், நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் கேமரா ஒரு பாய்ச்சலுக்கு மூன்று படங்களையே தருகிறது. அவற்றுள் ஒன்று முழு நீட்சியில் அமைவது வாய்ப்பைப் பொறுத்தது, ஆகவே ஓட்டத்தை ஒரே பாதையில் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டியிருக்கிறது. ஓசையற்ற மின்னணு ஷட்டர் நாயைக் கலைக்காது என்றாலும், பல கேமராக்களில் அது உணரியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், படித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிட்ட கால்கள் சாய்ந்து வளைந்து பதிவாகும். ஓட்டத்துக்கு இயந்திர ஷட்டரே பாதுகாப்பு. 2019இல் சோனி நிறுவனம் விலங்குகளின் கண்ணைத் தானே கண்டறிந்து குவிக்கும் வசதியைத் தன் கேமராக்களில் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் அத்தகைய வசதிகளைத் தந்தபின், ஓடும் நாயின் முகத்தைத் தெளிவாக எடுப்பது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. நாய் எந்தத் திசையில் ஓடும் என்பதைக் கருவி சொல்லாது. அதை நாயின் கண் தீர்மானிக்கிறது.

நாயின் கண்ணில் நிறத்தை அறியும் கூம்பு உயிரணுக்கள், மனிதருக்குள்ளதுபோல் மூன்று வகையாக இல்லாமல் இரண்டு வகையே உண்டு என்பதை ஜே நைட்ஸ், திமோதி கெய்ஸ்ட், ஜெரால்டு ஜேக்கப்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீலத்தையும் மஞ்சளையும் நாய் நன்கு பிரித்தறிகிறது; சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே. பசும்புல்லில் வீசப்பட்ட சிவப்புப் பந்தை நாய் கண்டுகொள்ளாமல் நிற்பதைப் பிடிவாதம் என்று எண்ணுபவர்கள் நீலப் பந்தை எறிந்து பார்த்தால் வேறுபாட்டை உணர்வார்கள். நீள்முக நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைமட்டப் பட்டையாகச் செறிந்திருப்பதால், அடிவானத்தை ஒட்டி நிகழும் அசைவை அவை எளிதில் கண்டுகொள்கின்றன. இதைப் பயன்படுத்தி, கேமராவுக்குப் பின்னால் 50 அடி தள்ளி ஒருவர் நீலத் துணியை மெதுவாக அசைத்தால், நாயின் கழுத்து நிமிர்ந்து, காதுகள் உயர்ந்து, பார்வை தொலைவில் பதியும். பெயர் சொல்லி அழைத்துப் பெறும் முகபாவத்தைவிட இது மேலானது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் எல்லை என்றால் நாய்க்கு அது இருமடங்குக்கும் மேல். ஆகவே பொம்மையைக் கீச்சிடவைத்துக் கவனத்தை ஈர்ப்பது எளிது. ஆனால் மூன்றாவது நான்காவது முறையில் நாய் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்பதால், அந்த உத்தியைத் தேவையான கணத்துக்குச் சேமித்து வைக்க வேண்டும். நாய்களுக்கிடையே உற்றுப் பார்ப்பது மிரட்டலாகவும் பொருள்படுவதால், லென்ஸின் பெரிய கண்ணாடியைக் கண்டு சில நாய்கள் தலையைத் திருப்புவதும், உதட்டை நக்குவதும், தூக்கமின்றியே கொட்டாவி விடுவதும் உண்டு. அவை நாய் சங்கடப்படுகிறது என்பதன் அறிகுறிகள். அப்போது கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, நாய் தானே வந்து மோந்து பார்க்கும்வரை காத்திருப்பதே ஒரே வழி. மின்வெட்டொளியைப் பயன்படுத்தினால், விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளிதிருப்பும் படலம் அதைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ திருப்பி அனுப்பி முகத்தைக் கெடுக்கும் என்பதால், அந்தி நேரத்திலும் அதைத் தவிர்ப்பது நலம்.

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வெப்பத்தை அது பெரும்பாலும் இரைப்பின் வழியாகவே வெளியேற்றுகிறது. மதுரையின் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பாறையும் தார்ச்சாலையும் உள்ளங்கால் தாங்காத சூட்டை எட்டிவிடும். நாக்கு அகன்று தொங்கி, வாயோரம் பின்னுக்கு இழுபட்டு, கண்கள் சுருங்கிய முகத்தைப் படத்தில் பார்த்துச் சிரிப்பு என்று மகிழ்பவர்கள் உண்டு; வெயிலில் எடுத்த படங்களில் அது பெரும்பாலும் வெப்பத்தால் வரும் துன்பமே. இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பின் நிழலும் தண்ணீரும் தந்து, இரைப்பு அடங்கும்வரை கேமராவை எடுக்காமல் இருப்பது கட்டாயம். வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே இங்கு மிகச் சிறந்தது: கண்மாயில் தண்ணீர் நின்று பிரதிபலிப்பைத் தரும், காலையில் மெல்லிய பனிமூட்டம் மலையைப் பின்தள்ளிக் காட்டும், வரப்பில் புல் பச்சையாக இருக்கும். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் எல்லாக் காலத்திலும் உண்டு. ஓடவிடுமுன் பாதையை நடந்து பார்ப்பதும் முடிந்தபின் நான்கு பாதங்களையும் சோதிப்பதும் படத்தைவிட முக்கியம்.

இப்பகுதியின் தரிசுகளிலும் மலையடிவாரத்திலும் மயில் மிகுதி, முயலும் உண்டு. இரண்டும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வேட்டைநாயைக் கயிறின்றி விட்டால் அது துரத்தும். அது நாயின் குற்றமாகாது. சுற்றிலும் பார்வை மறையாத, உரிமையாளரின் இசைவு பெற்ற வயலைத் தவிர வேறெங்கும் நீண்ட கயிற்றைக் கழற்றாமல் எடுத்து, பின்னர் கணினியில் கயிற்றை நீக்கிக்கொள்வது இதற்குத் தீர்வு. சமணர் மலையின் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் கொண்ட, தொல்லியல் துறையால் பாதுகாக்கப்படும் இடங்கள். அங்கு நாயை ஏற்றி நிறுத்துவது எவ்வகையிலும் தகாது. மலையின் முழு வடிவும் தெரிய வேண்டுமென்றாலும் அடிவாரத்திலிருந்து விலகி நிற்பதே சிறந்தது.

தெருநாய்களைப் படமெடுப்பவர் தொலைநோக்கு லென்ஸுடன் விலகி நிற்க வேண்டும். குட்டி ஈன்ற தாயின் அருகே செல்லக் கூடாது. காதோரத்தில் வெட்டு இருந்தால் அது கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டதன் அடையாளம். அழகு கருதி அதைப் படத்திலிருந்து அழிப்பவர்கள் அந்த நாயின் வரலாற்றையே அழிக்கிறார்கள்.

நாயின் உருவைப் பதிந்துவைக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்ற அதன் பெயரும் கள்வர்களைக் கடித்த அதன் செயலும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அண்மைக் காலத்தில் 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்றது, சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். 2020இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பதிவுபெற்ற இனங்களாக ஏற்றது. பதிவு வந்துவிட்டது, ஆனால் இந்நாய்கள் தம் நிலத்தில் எப்படி நிற்கின்றன, எப்படி ஓடுகின்றன என்பதை ஆண்டு வாரியாகக் காட்டும் படத்தொகுப்பு ஒவ்வோர் ஊரிலும் தேவைப்படுகிறது. கலப்பினால் ஓர் இனத்தின் முகமும் மார்பும் மெல்ல மாறும்போது, அம்மாற்றத்தைக் கண்டுகொள்ள உதவுவது அத்தகைய படங்களே.

அதற்கான படம் அழகுப்படத்திலிருந்து சற்று வேறானது. நாய் சமதரையில், நான்கு கால்களும் தனித்தனியே தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும்; கேமரா அதன் மார்பு உயரத்தில், குறைந்தது 4 மீட்டர் விலகி, உடலின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும்; ஒளி மேகமூட்டமான காலையினுடையதாக இருந்தால் முடியின் நிறம் திரியாமல் பதிவாகும். அளவு குறித்த கழி ஒன்றைத் தோளருகே நிறுத்தி ஒரு படம், அதை எடுத்துவிட்டு ஒரு படம், முகத்தின் நேர்த்தோற்றமும் பக்கத்தோற்றமும், கடைசியாக ஓட்டத்தில் ஒன்று என்று எடுத்து, எடுத்த நாள், ஊர், நாயின் வயது, பால், தாய் தந்தையின் நிறம் ஆகியவற்றைப் படக்கோப்பிலேயே எழுதிவைத்து, வளர்ப்பவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டால், அந்நாயின் குட்டிகளை அடுத்த ஆண்டு அதே வயலில் எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.